கேமராவோடு சைனா டவுன் நடை: கொங்கிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு கொல்கத்தாவா, சிங்கப்பூரா, ஜார்ஜ் டவுனா?

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் தெருப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒப்பணக்காரத் தெருவும் ஈரோட்டு மணிக்கூண்டுச் சந்தைத் தெருக்களும் கைவந்த பிறகு, அடுத்து வரும் ஆசைகளில் பழைய சைனா டவுன் ஒன்றை நடந்தே பார்த்து எடுப்பது முக்கியமானது. எந்த ஊருக்குப் போவது என்பதில்தான் குழப்பம். பலரும் டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதைவிட முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: உங்களுக்கு லீவு எந்த மாதம் கிடைக்கிறது, அந்த ஊரில் நல்ல வெளிச்சம் எத்தனை மணிக்கு விழுகிறது. இவை பொருந்தாவிட்டால் மலிவாகக் கிடைத்த டிக்கெட்டும் நட்டம்தான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் மலேசியாவில் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். நாலு நாள்தான் லீவு, அலைச்சல் கூடாது என்றால் சிங்கப்பூர். கையில் காசு குறைவு, கட்டடத்தைவிட முகங்கள்தான் வேண்டும் என்றால் கொல்கத்தா. கோலாலம்பூரையும் பாங்காக்கையும் தனிப் பயணமாக வைக்கச் சொல்ல மாட்டோம். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

லீவும் மழையும்

கொங்குப் பக்கம் நீண்ட லீவு மூன்று காலங்களில்தான். பொங்கல், பள்ளி முழுப்பரீட்சை முடிந்த ஏப்ரல், மே, பனியன் கம்பெனிகள் மூடும் தீபாவளி வாரம்.

பொங்கலுக்கு ஜார்ஜ் டவுன் அருமை. பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. அதே நாட்களில் சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை. நவம்பர் முதல் ஜனவரி வரை நாள் முழுக்க நசநசவென்று தூறும் வாரங்கள் வரும். கொல்கத்தாவுக்கும் ஜனவரி நல்ல மாதம்தான். குளிர் இருக்கும், காலையில் பனிமூட்டம் இருக்கும், ஆவி பறக்கும் சாப்பாட்டுக் கடைக்கு அந்தக் குளிர்தான் அழகு.

தீபாவளிக்குக் கொல்கத்தா முதலிடம். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், காளி பூஜையும் அதே நாட்களில் வரும். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் நல்ல மழைக்காலம், அதனால் தீபாவளி அக்டோபரில் விழும் வருடங்களில் தவிர்த்துவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் கொல்கத்தா வேண்டவே வேண்டாம். வெக்கை ஒரு பக்கம், சாயங்காலம் திடீரென்று அடிக்கும் புழுதிக் காற்றும் மழையும் இன்னொரு பக்கம். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகலாம். மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரும், ஆனால் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். ஈரத் தெருவில் விளக்கு மின்னும் படம் கூடுதலாகக் கிடைக்கும்.

சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். 2027ல் அது பிப்ரவரி 6. புத்தாண்டு அன்றைக்குப் போய் இறங்குவது பலர் செய்யும் தவறு. முதல் இரண்டு நாட்கள் குடும்பத்தோடு இருப்பார்கள், கடைகள் பாதிக்கு மேல் மூடியிருக்கும். அதற்கு முந்தைய பத்து நாட்களில்தான் சிவப்பு விளக்கு கட்டுவதும் ஆரஞ்சுப் பழச் செடி விற்பதும் கூட்டமும்.

சூரியனின் கணக்கு

கோவையில் வருடம் முழுக்க ஆறு மணியிலிருந்து ஆறே முக்காலுக்குள் பொழுது விடியும். அந்தப் பழக்கத்தோடு போனால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம். கொல்கத்தா கிழக்கே இருப்பதால் ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். டிசம்பரில்கூட ஆறேகால் வாக்கில் உதித்து, சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் மறைந்துவிடும். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சூரிய உதயம் அங்கே ஏழு மணியை ஒட்டித்தான், பினாங்கில் இன்னும் கொஞ்சம் தாமதம். அங்கே ஏழு என்றால் உங்கள் உடம்புக்கு அது காலை நாலரை. முதல் நாளே விடியற்காலை நடை என்று திட்டம் போட்டால் எழுந்திருக்க முடியாது. முதல் நாள் பொழுதோடவும் இரவிலும் நடங்கள், இரண்டாம் நாளிலிருந்து காலை நடை வையுங்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சிங்கப்பூரில் சூரியன் நேரே மேலே ஏறிவிடும். ஒன்பதரைக்கு மேல் எடுக்கும் முகங்களில் கண்குழி நிழல் விழுந்து கறுத்துப்போகும். பத்திலிருந்து நாலு மணிவரை கோயில் உள்ளும் நடைபாதைக் கூரைக்கு அடியிலும்தான் வேலை.

கொல்கத்தா: இரண்டு மணி நேரத்துக்கான ஊர்

கேரளத்திலிருந்து கொல்கத்தாவை ஒட்டிய ஷாலிமார் நிலையத்துக்குப் போகும் ரயில் கோவை, ஈரோடு, சேலம் வழியாகவே போகிறது. ஒன்றரை நாளுக்கு மேல் பயணம். விசா வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம். ஆனால் பழைய சைனா டவுனான திரட்டி பஜாரின் உயிர் காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான் நிறைவாக இருக்கும். அதனால் சனிக்கிழமை ராத்திரி கொல்கத்தாவில் தங்கும்படி டிக்கெட் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை போய் இறங்கி புதன்கிழமை திரும்பினால் வெறும் தெருவைத்தான் எடுத்து வருவீர்கள்.

சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. போத்தார் கோர்ட் கட்டடத்துக்குப் பின்புறம், சன் யாட் சென் தெருவை ஒட்டிய திடலில் அலுமினிய அடுக்குகளில் மோமோவும் பாவு என்கிற சீன பன்னும் வேகும், பக்கத்தில் மீன் உருண்டை சூப் கொதிக்கும். சாப்பாட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு கேமராவை எடுங்கள். விற்கிறவர்கள் மூன்று தலைமுறையாக இதே ஊர்க்காரர்கள். வருகிற ஒவ்வொருவரும் கேட்காமல் மூஞ்சிக்கு நேரே லென்ஸை நீட்டினால் அவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான்.

ஆவியை எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், ஆவிக்குப் பின்புலம் இருட்டாக இருக்க வேண்டும். கடைக்காரர் மூடியைத் திறப்பதற்கு முன்பே அவர் முகத்தில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுங்கள். திறந்த பிறகு முயன்றால் ஆட்டோ ஃபோகஸ் ஆவிக்குள் தடுமாறும், அதற்குள் அந்த நொடி போய்விடும். இரண்டு மீட்டரில் மேனுவல் ஃபோகஸ், எஃப் 8 என்று வைத்தால் இன்னும் நல்லது. மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் முகமெல்லாம் நீலமாகும். ஜேபெக்கில் அதைத் திருத்துவது சிரமம், ரா கோப்பாகவே எடுங்கள்.

எட்டு மணிக்கு மேல் கோயில்கள். இங்கே சீனக் கோயில்களைச் ‘சர்ச்’ என்றே சொல்கிறார்கள், வழி கேட்கும்போது அப்படியே கேட்க வேண்டும். 1905ல் கட்டிய சீ இப் சர்ச் சட்டாவாலா சந்தில் இருக்கிறது. டூங் ஆன் சர்ச்சின் கீழ்த்தளத்தில்தான் ஒரு காலத்தில் பேர்பெற்ற நான்கிங் உணவகம் நடந்தது. சன்னிதி மாடியில், ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600க்குக் கீழே ஓடாது. பக்கத்தில் லால்பஜார் போலீஸ் தலைமையகம் இருக்கிறது, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

மத்தியானத்துக்கு டாங்ரா. ஹக்கா சீனர்களின் தோல் பதனிடும் பட்டறைகள் இருந்த பகுதி. உச்ச நீதிமன்றம் 1996ல் பட்டறைகளை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டதும் பல கட்டடங்கள் ஓட்டல்களாகிவிட்டன. இங்குள்ள சீனக் காளி கோயில் சின்னது, பார்க்க வேண்டியது. 1962 இந்திய-சீனப் போரின்போது இந்தச் சமூகத்தில் பலரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தார்கள். அதன் பிறகு குடும்பம் குடும்பமாக வெளிநாடு போய், இன்று கொல்கத்தாவில் இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். இது தெரியாமல் அங்கே முதியவர் ஒருவரைப் படம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம்.

குறைகளும் சொல்ல வேண்டும். குப்பை, நெரிசல், பாழடைந்த முகப்புகள். கட்டட அழகை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இந்த ஊர் சரிவராது.

சிங்கப்பூர்: வழி தவறாத ஊர்

கோவையிலிருந்தே நேரடி விமானம், நாலரை மணி நேரம். கரூர், நாமக்கல்காரர்களுக்குத் திருச்சி பக்கம், அங்கிருந்தும் நேரடியாகப் போகலாம். இந்தியர்களுக்கு விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

இங்கே நடை டெலோக் ஆயர் எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்தில் தொடங்கினால்தான் வெளிச்சம் சரியாக வரும். பலரும் சைனா டவுன் நிலையத்தில் இறங்கி நேரே நினைவுப் பொருள் கடைகளுக்குள் போய்விடுகிறார்கள். டெலோக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் நன்றி சொல்லக் கட்டிய கோயில்கள் இந்த ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன. 1839க்கும் 1842க்கும் இடையில் எழுந்த தியான் ஹாக் கெங் கோயில் கடலைப் பார்த்தபடி கட்டப்பட்டது என்பதால் முகப்பில் காலை வெயில் விழும். அதே வரிசையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா. இரண்டும் கூப்பிடு தூரத்தில். ஏழே காலிலிருந்து எட்டரைக்குள் இந்தத் தெருவை முடித்துவிடுங்கள், எட்டரைக்கு மேல் அலுவலகக் கூட்டம்.

கோயிலின் பின்சுவரில், அமோய் தெருப் பக்கம், 44 மீட்டர் நீளச் சுவரோவியம் ஒன்று, சீனாவிலிருந்து வந்த முன்னோர்களின் கதையாக ஓடுகிறது. முழுவதையும் ஒரே ஃபிரேமில் அடக்கப் பார்க்காதீர்கள். யாராவது நடந்து வரும்வரை ஒரு பகுதிக்கு எதிரே நின்று காத்திருப்பதே சரி.

அங்கிருந்து ஆன் சியாங் மேட்டில் ஏறி இறங்கினால் சவுத் பிரிட்ஜ் ரோடு. 1827ல் நாராயண பிள்ளை நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இங்கேதான். சைனா டவுனின் நடுத்தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர் வந்ததே இந்தக் கோபுரத்தால். கோபுரம் கிழக்குப் பார்த்தது, ஒன்பது மணிக்குள் எதிர்ப்புற நடைபாதையிலிருந்து எடுத்தால் சுதை வேலைப்பாடு தெளிவாக வரும். சிவப்பு விளக்குத் தோரணத்துக்குப் பின்னால் ராஜகோபுரம் நிற்கும் படம் வேண்டுமானால், பகோடா தெருவுக்குள் கொஞ்சம் தள்ளி நின்று, 85 மில்லிமீட்டர் லென்ஸில் சுருக்குங்கள். பக்கத்திலேயே ஜாமியா மசூதி, சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்களுடையது. கடைசியாக கியோங் சைக் ரோடு. வளைந்த தெரு, முனைக் கட்டடங்கள், நகரத்தார் பராமரிக்கும் லாயன் சித்தி விநாயகர் கோயில். மொத்தம் இரண்டரை கிலோமீட்டருக்குள் நடை முடிந்துவிடும்.

இந்தத் தெருக்களில் கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள கடைவீடுகளின் முன்பக்கம் ஐந்தடி நடை ஒன்று தொடர்ந்து ஓடும். நம்ம ஊர்த் திண்ணைகளையெல்லாம் ஒரே வரிசையாக இணைத்து மேலே கூரை போட்டதுபோல இருக்கும். நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822ல் நகரத் திட்டத்திலேயே இதைக் கட்டாயமாக்கினார். படம் எடுக்கிறவருக்கு இது வரமும் தொல்லையும். உள்ளே நிழல், வெளியே சுள்ளென்ற வெயில், இரண்டுக்கும் நாலு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பு) வித்தியாசம் இருக்கும். கேமரா தானாக அளந்தால் தெரு வெளுத்துவிடும். வெயில் படும் தரையை அளந்து, அதோடு முக்கால் ஸ்டாப் மட்டும் கூட்டுங்கள். தூண்களின் நிழல் கறுப்பாகவே இருக்கட்டும், வெளிச்சத்துக்குள் ஆள் காலடி வைக்கும்போது அழுத்துங்கள்.

சிங்கப்பூரின் குறை, எல்லாம் பூச்சுப் பூசிப் பளபளவென்று இருப்பது. 1989ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து முகப்புகளைச் செப்பனிட்டார்கள். உள்ளே பெரும்பாலும் மதுக்கடையும் அலுவலகமும். வாழ்கிற மனிதரைத் தேடுகிறவர் சைனா டவுன் காம்ப்ளெக்ஸ் கீழ்த்தளத்து ஈரச் சந்தைக்குக் காலையிலும், அதன் அருகே முதியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடும் திடலுக்குச் சாயங்காலத்திலும் போக வேண்டும்.

ஜார்ஜ் டவுன்: முகப்பும் வாழ்க்கையும் ஒன்றாக

யுனெஸ்கோ 2008ல் மலாக்காவோடு சேர்த்து இந்த ஊரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே கடைவீட்டின் கீழே இன்னும் ஊதுபத்தி உருட்டுகிறார்கள், பெயர்ப்பலகை செதுக்குகிறார்கள். பூச்சு உதிர்ந்த சுவரும் பூசிய சுவரும் பக்கத்துப் பக்கத்தில். நாங்கள் இந்த ஊரை முதலில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

போகும் வழிதான் கொஞ்சம் சுற்று. சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் உண்டு. இல்லாவிட்டால் திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கே கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ஈடிஎஸ் என்ற விரைவு ரயில் ஏறி நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த், பிறகு படகு. படகிலிருந்து ஊரைப் பார்த்தபடி இறங்குவது நல்ல தொடக்கம். விசா விதி அவ்வப்போது மாறுகிறது, டிக்கெட் எடுக்கும் முன் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று காலைகள் வேண்டும். முதல் காலை கடலோரக் குலத்துறைகள். சூ, டான், லீ, லிம் என்று குலத்துக்கு ஒன்றாகக் கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய வீட்டு வரிசைகள். கிழக்கே பார்த்தவை, அதனால் உதயத்துக்கு முன்பே போக வேண்டும். அலை அட்டவணையைப் பார்த்துப் போங்கள். அலை இறங்கிய நேரத்தில் மரக்காலுக்குக் கீழே சேறும் பிளாஸ்டிக்கும்தான் தெரியும், ஏறிய நேரத்தில் வானம் தண்ணீரில் விழும். பலகைப் பாதை ஆடும், யாராவது நடந்தால் முக்காலி அதிரும். நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கிறவர்கள் பாதையில் ஊன்றாமல் கரையிலிருந்து எடுப்பது நல்லது. சூ துறையில் கூட்டம் அதிகம், பல வீட்டில் ‘படம் எடுக்காதீர்கள்’ என்ற பலகை தொங்கும். ஆள் குடியிருக்கும் வீட்டு வாசல் அது. டான் துறை ஒடுங்கி நீளமாகக் கடலுக்குள் போகும், கூட்டமும் குறைவு. உதயத்துக்கு எங்கள் சிபாரிசு அதுதான்.

இரண்டாம் காலை பிட் தெரு, இன்றைய மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெரு. 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், குவீன் தெருவில் 1833ன் மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் மசூதி, எல்லாம் பத்து நிமிட நடைக்குள். குவான் யின் கோயில் வாசலில் ஆள் உயர ஊதுபத்திகள் எரியும். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே கூட்டம் அலைமோதும். நம்ம நாட்காட்டியில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்கள் அவை, அதனால் தேதி கணக்கிடுவது சுலபம். புகையில் கண் எரியும், லென்ஸ் மேல் மெல்லிய பிசுக்குப் படியும். அன்று ராத்திரியே முன்கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள், விட்டால் மறுநாள் எதிர்வெளிச்சப் படமெல்லாம் மங்கும்.

மூன்றாம் காலை ஆர்மீனியத் தெருவும் கானன் தெருவும். 1901 தீயில் பழைய கட்டடம் எரிந்தபின் 1906ல் எழுந்த கூ கொங்சி குலக்கோயில் இங்கே ஒடுக்கமான நுழைவுக்குள் ஒளிந்திருக்கிறது. கூரையின் மேல் பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த பூவும் பறவையும் வீரர்களும் நிற்கிறார்கள். கட்டடம் முழுவதையும் அகல லென்ஸில் எடுத்தால் அந்த வேலை புள்ளியாகிவிடும். 100 மில்லிமீட்டருக்கு மேலே போங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. வெளியே 2012ல் எர்னஸ்ட் சக்காரெவிக் வரைந்த, சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகும் சுவரோவியத்துக்கு ஒன்பது மணிக்கு மேல் வரிசை நிற்கும். நேரமே போனால் ஆளில்லாமல் கிடைக்கும். ஆனால் அந்த ஓவியத்தை எல்லோரும் எடுத்தாயிற்று, அதற்காக ஒரு காலையைச் செலவழிக்க வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற நம்மவர்களுக்கு ஒன்று. பினாங்கில் வெள்ளி ரதம் வரும்போது சீனர்கள் தெருவில் தேங்காயை மலைபோலக் குவித்து உடைப்பார்கள். 2027ல் தைப்பூசம் ஜனவரி 22, சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்பு. ரதமும் சிவப்பு விளக்குத் தோரணமும் ஒரே பயணத்தில் கிடைக்கும். அறையை மட்டும் மாதங்களுக்கு முன்பே பிடியுங்கள்.

கோலாலம்பூரும் பாங்காக்கும்

கோலாலம்பூரின் சைனா டவுனான பெட்டாலிங் தெரு, பினாங்குக்குப் போகும் வழியில் அரை நாளுக்குப் போதும். தெருவுக்கு மேலே போட்ட பச்சைக் கூரை தோல் நிறத்தைக் கெடுக்கும், பகலில் அங்கே ஆள் படம் வேண்டாம். பக்கத்துத் தெருவில் 1873ல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலும், எதிரே குவான் டி கோயிலும் இருக்கின்றன. அவையே போதுமான காரணம்.

பாங்காக்கின் சைனா டவுனான யாவராத் இரவுக்கானது. வாட் மங்கோன் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆறரைக்கு நின்றால், வானம் நீலமாக இருக்கும்போதே நியான் பலகைகள் எரியத் தொடங்கும். அந்த இருபது நிமிடம்தான் சரக்கு. திங்கட்கிழமை தெருக்கடைகள் பெரும்பாலும் இருக்காது. பகலில் பழைய இரும்புப் பட்டறைகள் உள்ள தலாட் நோய் சந்துகளுக்குப் போகலாம். இரவுப் படப் பைத்தியம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த ஊர்.

பையில் என்ன, எங்கே சொதப்பும்

ஒரு 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு 85. இதற்கு மேல் தூக்கினால் மூன்றாம் மணி நேரத்தில் தோள் கெஞ்சும். சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவாக இருந்தால் 18 அல்லது 23, கூட ஒரு 56. கடைவீட்டு முகப்பை எடுக்கும்போது கேமராவை மேலே சாய்த்தால் படத்தில் கட்டடம் பின்னால் விழுவதுபோலத் தெரியும். எதிர்ப்பக்க நடைக்குப் போய், கேமராவை மட்டமாகப் பிடித்து, தரை அதிகமாக வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

கோவையின் வறண்ட காற்றுக்குப் பழகியவர்கள் மறந்துபோவது ஈரப்பதம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஏசி அறையிலிருந்து வெளியே வந்த உடனே லென்ஸ் முழுக்கப் பனி பிடிக்கும். துடைத்தால் மறுபடி பிடிக்கும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே கேமராவை மூடிய ஜிப் பைக்குள் வைத்துப் பால்கனியிலோ குளியலறையிலோ விட்டுவிடுங்கள், பையோடு சூடேறினால் பனி பிடிக்காது.

எல்இடி பலகைகளும் கடை விளக்குகளும் மின்சாரத் துடிப்பால் படத்தில் பட்டை பட்டையாக விழும். இந்த நாலு நாடுகளிலும் 50 ஹெர்ட்ஸ்தான். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வையுங்கள், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். நியான் தெருவில் எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கி, பலகையின் எழுத்து வெளுக்காத அளவுக்குக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் சதுரமான மூன்று பின் பிளக், அடாப்டரை இங்கேயே வாங்குங்கள். விலை உயர்ந்த கேமராவாக இருந்தால், வெளிநாடு போகும்போதே விமான நிலையச் சுங்கப் பிரிவில் வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கியது என்று கேள்வி வந்தால் அந்தத் தாள்தான் பேசும். சான்றுக்கு நேரம் பிடிக்கும், விமான நிலையத்துக்கு நேரமே போய்விட வேண்டும்.